ஒரு பாத்திரம், பல ஒப்பந்தங்கள்: லியோனார்ட் நிமோய் – நிகழ்வு ஆய்வு

லியோனார்ட் நிமோயைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்: ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ஸ்பாக் என்ற வேற்றுக்கிரகவாசியாக நடித்தார், உலகப் புகழ் வந்தது, பிறகு அந்தக் கூர்க்காதிலிருந்து கடைசிவரை தப்ப முடியவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1964 முதல் 2013 வரை அவர் ஸ்பாக்காக நடிக்க எப்போதெல்லாம் சம்மதித்தார், எப்போதெல்லாம் மறுத்தார், சம்மதித்தபோது என்ன கேட்டு வாங்கினார் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு விஷயம் தெரியவருகிறது. ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் முன்பு இல்லாத ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். முதலில் சம்பள உயர்வு, பிறகு தன் முகத்துக்கான உரிமைத்தொகை, அப்புறம் இயக்குநர் நாற்காலி. முத்திரை குத்தப்பட்ட நடிகர்களில் இவரைத் தனியாக எடுத்துப் பார்க்கக் காரணம் அதுதான்.

ஸ்பாக்குக்கு முன்

1931 மார்ச் 26 அன்று பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியில் பிறந்தார். பெற்றோர் இன்றைய உக்ரைனில் உள்ள இஸியஸ்லாவ் ஊரிலிருந்து குடியேறிய யூதர்கள். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வீட்டில் பேச்சு கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில். குடியேறிகளின் பிள்ளைகளுக்காக நடந்த சமூக மையத்தின் மேடையில் 8 வயதில் ஏறினார். 17 வயதில் கிளிஃபர்ட் ஓடெட்ஸின் நாடகம் ஒன்றில், தன் வீட்டைப் போலவே கஷ்டப்படும் யூதக் குடும்பத்தின் இளைஞனாக நடித்தபோதுதான் இதுவே தொழில் என்று முடிவுசெய்தார்.

வாக்குவம் கிளீனர் விற்ற காசோடு கலிபோர்னியா போனார். பாசடீனா பிளேஹவுஸ் நடிப்புப் பள்ளியில் ஆறு மாதம்தான் தாக்குப்பிடித்தார். 1952-ல் ஒரு குத்துச்சண்டைப் படத்தில் கதாநாயகன் வேடம் கிடைத்தது, படம் போணியாகவில்லை. அதே ஆண்டு ரிபப்ளிக் ஸ்டுடியோவின் 12 பாக விண்வெளித் தொடர்படத்தில் செவ்வாய்க்கிரகத்து அடியாளாக வந்துபோனார். 1953 முதல் 1955 வரை ராணுவ சேவை. அதன் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் இரவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே, கடல் சாகசத் தொடர், போலீஸ் தொடர், கவ்பாய் தொடர் என்று எது கிடைத்தாலும் நடித்தார். பெரும்பாலும் வில்லன் அல்லது வில்லனின் ஆள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்த வேலை எதுவும் ஸ்பாக்குக்கு முன்பு தனக்குக் கிடைத்ததில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் காலத்தில் உருப்படியாக நடந்தது ஒன்று. கம்யூனிச வேட்டையில் வாய்ப்பு பறிபோன நடிகர் ஜெஃப் கோரி நடத்திய வகுப்பில் சேர்ந்தார். பிறகு தானே நடிப்புப் பாடம் எடுக்கவும் தொடங்கினார். வசனத்துக்கு அடியில் ஓடுவதை நடிக்க வேண்டும், வசனத்தை அல்ல என்பது கோரியின் பாடம். முகத்தில் எதையும் காட்டக்கூடாத ஒரு வேடம் வரப்போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருந்திருக்க முடியாது.

1964-ல் ‘தி லெப்டினன்ட்’ என்ற தொடரில் ஒரு எபிசோடில் நடித்தார். அதன் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரி. ஒல்லியான முகம், எடுப்பான கன்னஎலும்பு. அடுத்து எடுக்கப்போகும் விண்வெளித் தொடரின் வேற்றுக்கிரகவாசிக்கு இந்த முகம்தான் என்று அவர் குறித்துவைத்துக்கொண்டார்.

இரண்டு பைலட், ஒரே ஆள்

முதல் பைலட், அதாவது சேனலுக்குக் காட்ட எடுக்கும் மாதிரி எபிசோடு, 1964 இறுதியில் டெசிலு ஸ்டுடியோவில் படமானது. கேப்டனாக ஜெஃப்ரி ஹன்டர். என்.பி.சி. சேனல் அதை நிராகரித்தாலும், வழக்கத்துக்கு மாறாக இன்னொரு பைலட் எடுக்கப் பணம் கொடுத்தது. 1965 ஜூலையில் எடுத்த அந்த இரண்டாவது பைலட்டில் கேப்டன் மாறினார். வில்லியம் ஷாட்னர் வந்தார். முதல் பைலட்டிலிருந்து அதே பாத்திரத்தில் தொடர்ந்தவர் நிமோய் ஒருவர்தான்.

முதல் பைலட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி இருக்கும்: அதில் ஸ்பாக் சிரிக்கிறார், சத்தம் போட்டுக் கத்துகிறார். உணர்ச்சியே காட்டாத குணம் அப்போது வேறொரு பாத்திரத்துக்கு உரியது. மேஜல் பேரட் நடித்த, கப்பலின் இரண்டாம் நிலைப் பெண் அதிகாரி அவர். சேனலின் எதிர்ப்பில் அந்தப் பாத்திரம் போனது. அவருடைய குளிர்ந்த குணம் ஸ்பாக்கின் தலையில் வந்து விழுந்தது. அதாவது தொலைக்காட்சி வரலாற்றின் மிகப் பிரபலமான குணாதிசயம் ஒன்று, வேலைநீக்கம் செய்யப்பட்ட இன்னொரு பாத்திரத்தின் மிச்சம்.

சேனலுக்கு ஸ்பாக்கையும் பிடிக்கவில்லை. கூர்க்காதும் ஏறிய புருவமும் சாத்தானை நினைவூட்டும், மதப்பற்றுள்ள ஊர்களில் விளம்பரதாரர் ஓடிவிடுவார் என்று பயம். தொடரை விற்பதற்காக அச்சிட்ட விளம்பரக் கையேட்டில் நிமோயின் காது நுனியையும் புருவத்தையும் பிரஷால் தேய்த்துச் சாதாரண மனிதனாக்கியே வெளியிட்டார்கள். 1966 செப்டம்பர் 8 அன்று தொடர் ஒளிபரப்பானது. சில வாரங்களில் அவருக்கு வந்த கடிதக் குவியலைப் பார்த்த பிறகு சேனல் ஸ்பாக்கை இன்னும் அதிகமாகக் காட்டச் சொன்னது.

காது: செய்முறையும் சிக்கலும்

மேக்கப் கலைஞர் ஃபிரெட் ஃபிலிப்ஸ். காது நுனிகளைச் செய்யும் வேலையை ஸ்டுடியோ செலவைப் பார்த்து வெளியாள் பட்டறை ஒன்றுக்குக் கொடுத்தது. வந்த சாம்பிள்கள் தடிமனாக, விளிம்பு தெரிகிற மாதிரி இருந்தன. பல முறை செய்தும் சரிவராமல் ஃபிலிப்ஸ் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் ஒப்பனைக்கூடத்துக்குப் போய், நுரை ரப்பரில் ஒரு ஜோடி செய்து வாங்கிவந்தார். அதுதான் திரையில் வந்தது.

ஏன் நுரை ரப்பர்? கெட்டி லேடெக்ஸ் விறைப்பானது, காய்ந்ததும் சுருங்கும், தலை திரும்பும்போது காதோடு சேர்ந்து அசையாது. நுரை லேடெக்ஸ் லேசானது, தோல் மாதிரி வளையும். செய்முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. நடிகரின் காதை அச்செடுத்துப் பிளாஸ்டர் பிரதி எடுப்பார்கள். அதன் மேல் களிமண்ணால் கூர்நுனியை வடித்து, இரண்டு பக்க அச்சு செய்வார்கள். லேடெக்ஸ் 150 கிராம், நுரைக்கும் திரவம் 30 கிராம், பதப்படுத்தும் கலவை 15 கிராம் என்பது பட்டறைகளில் வழக்கமான அளவு. மிக்சரில் முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்க அடித்து, கடைசியில் 10 முதல் 14 கிராம் வரை ஜெல் சேர்த்து, அது இறுகும் முன் அச்சில் ஊற்றிவிட வேண்டும். பிறகு சுமார் 85 டிகிரி செல்சியஸ் அடுப்பில் சில மணி நேரம்.

கெட்டுப்போவது இந்த இடங்களில்தான்: அடிப்பது குறைந்தால் லேடெக்ஸில் உள்ள அமோனியா வெளியேறாது, ஜெல் பிடிக்காது, நுரை அச்சுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அறை சூடாக இருந்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். காது நுனி மாதிரிக் குறுகலான இடத்தில் காற்று மாட்டிக்கொண்டால் ஓட்டை விழும். அதிகம் வேகவைத்தால் நொறுங்கும். எல்லாம் சரியாக வந்தாலும், உயிர்நாடி அந்த விளிம்புதான். சவ்வு போல மெலிந்திருந்தால்தான் தோலோடு கரையும்.

காலையில் 6.30 மணிவாக்கில் நிமோய் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். மற்றவர்களைவிட வெகு முன்னதாக. காது நுனியை மாட்டி, விளிம்பை ஸ்பிரிட் கம் என்ற பசை வைத்து ஒட்டி, மேலே ரப்பருக்கென்றே உள்ள ஆமணக்கெண்ணெய் அடிப்படையிலான கிரீஸ் பெயின்ட் பூசுவார்கள். சாதாரணக் கிரீஸ் பெயின்டின் எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. நிறமும் உள்ளே இறங்கித் திட்டுத் திட்டாகத் தெரியும். புருவத்தின் வெளிப்பாதியை மழித்துவிட்டு, யாக் எருமை முடியால் மேல்நோக்கி ஒட்டினார்கள். மூன்று வருடம் பாதிப் புருவத்தோடு ஊருக்குள் நடமாடினார் மனிதர். தோலுக்கு முதலில் சிவப்பு நிறம் பூசத் திட்டமிட்டார்கள். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவி. அதில் சிவப்பு கறுப்பாகத் தெரியும் என்பதால் கைவிட்டு, மஞ்சள் சாயலுக்குப் போனார்கள்.

மாலையில் கரைப்பான் ஊற்றிக் கழற்றும்போது மெல்லிய விளிம்பு கிழியும். விளக்குச் சூட்டில் வியர்த்து ஒட்டு விட்டுப்போனால் நடுவிலேயே கழற்றி ஒட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஒரு ஜோடி மூன்று நான்கு நாளுக்கு மேல் தாங்காது. ஒரு எபிசோடுக்கு ஆறு படப்பிடிப்பு நாள். இந்தக் கணக்கில் மூன்று சீசனுக்கு எத்தனை ஜோடி போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். நுரை லேடெக்ஸ் காலப்போக்கில் தானாகவே உதிர்ந்து பொடியாகும் என்பதால் தப்பியவை மிகக் குறைவு. நிமோய் வீட்டில் வைத்திருந்த ஒரு ஜோடியைக் குடும்பத்தினர் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

தொடக்கத்தில் இந்தக் காதுக்காகவே அவர் விலக நினைத்ததும் உண்டு. பார்த்தவர்கள் சிரிப்பார்கள், நடிகனாக மதிப்பு போய்விடும் என்று பயம். ராடன்பெரி ஒரு பேரம் பேசினார்: 13 எபிசோடு போகட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் ஸ்பாக்குக்குக் காது அறுவைச் சிகிச்சை நடப்பதாகக் கதை எழுதிவிடுகிறேன் என்று. அந்தக் கதைக்குத் தேவை வரவில்லை.

குறைத்து நடித்தது

காது ஒரு மாதத்தில் பழகிவிடும். பிறகு பார்வையாளரை உட்காரவைத்தது நடிப்பு. அதன் வழி, சேர்ப்பதைவிடக் கழிப்பது. பாடகர் ஹாரி பெலஃபோன்டேயின் மேடை நிகழ்ச்சி ஒன்றை நிமோய் பார்த்திருந்தார். வெகு நேரம் அசையாமல் நின்று பாடியவர், கடைசியில் கையை மெல்ல உயர்த்தியதும் அரங்கம் அதிர்ந்தது. எல்லாம் நிறுத்திவைக்கப்பட்ட இடத்தில் சின்ன அசைவே பெரிதாகத் தெரியும் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். ஸ்பாக்கின் ஒற்றைப் புருவம் அப்படி வந்தது.

தொடரின் வழக்கமான எபிசோடுகளில் முதலில் படமானதில், பிரம்மாண்டமான விண்கலம் எதிரே வந்து நிற்கும்போது எல்லாரும் பதறுகிறார்கள். ஸ்பாக்குக்கு இருந்தது ஒரே ஒரு வார்த்தை, சுவாரசியமாக இருக்கிறது என்ற பொருளில். நிமோயும் மற்றவர்களோடு சேர்ந்து பதற்றமாகவே சொன்னார். இயக்குநர் ஜோசப் சார்ஜென்ட் குறுக்கிட்டு, மற்றவர்களிலிருந்து விலகி நில், ஒரு விஞ்ஞானியாகச் சொல் என்றார். பாத்திரம் பிடிபட்டது அந்த நொடியில்தான் என்று நிமோய் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார்.

எழுத்தாளர் எழுதியதை அப்படியே செய்கிற ஆளும் அல்ல. ஒரு கதையில் கேப்டன் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார். கெட்ட கேப்டனைப் பின்னாலிருந்து ஸ்பாக் மண்டையில் அடித்து வீழ்த்த வேண்டும் என்று திரைக்கதை. கவ்பாய் படத்தில் செய்யலாம், இந்த ஆள் அப்படிச் செய்யமாட்டான் என்று நிமோய் மறுத்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே விரலால் அழுத்தி மயக்கமடையச் செய்யும் உத்தியைத் தானே முன்வைத்து, இயக்குநருக்கு ஷாட்னரோடு செய்துகாட்டினார். அது எடுபட்டதில் பாதிப் பெருமை ஷாட்னருக்கு. விரல் பட்டதும் அவர் விறைத்து விழுந்த விதம்தான் அந்தப் பிடிக்கு வலு இருப்பதாக நம்பவைத்தது.

1967 செப்டம்பர் 15 அன்று இரண்டாம் சீசனின் தொடக்கமாக ஒளிபரப்பான எபிசோடில் ஸ்பாக்கின் கிரகம் முதன்முறையாகக் காட்டப்படுகிறது. அங்குள்ளவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி வணங்குவார்கள் என்று திரைக்கதையில் எதுவும் இல்லை. நடுவிரலையும் மோதிர விரலையும் பிரித்து உள்ளங்கையைக் காட்டும் வணக்கத்தை நிமோய் சொன்னார். பாஸ்டனில் யூதர் தொழுகைக்கூடத்தில் சிறுவனாக இருந்தபோது, பார்க்கக்கூடாது என்று சொல்லப்பட்டும் எட்டிப்பார்த்த குருமார்களின் ஆசிச் சைகை அது. எபிரேய எழுத்து ஷின் வடிவம். சடங்கை நடத்தும் மூதாட்டியாக நடித்த சீலியா லவ்ஸ்கிக்கு விரல் பிரியவில்லை. கேமராவுக்குக் கீழே மறுகையால் விரல்களைப் பிரித்துவைத்துக்கொண்டு பிறகுதான் கையை உயர்த்தினார்.

நெருக்கத்தில் பார்க்க வேண்டிய காட்சி முதல் சீசனில் இருக்கிறது. கட்டுப்பாட்டை இழக்கவைக்கும் தொற்று கப்பலில் பரவுகிறது. ஸ்பாக்குக்கும் தொற்றும்போது தாழ்வாரத்தில் அழுவதாகவும், யாரோ ஒருவர் வந்து அவர் முகத்தில் மீசை வரைவதாகவும் எழுதியிருந்தார்கள். சிரிப்புக்காக. நிமோய் எழுத்தாளரிடம் பேசி மாற்றினார்: தனியறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டு அழட்டும், வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. படமெடுக்கும்போது நாள் முடியும் நேரம். டெசிலுவில் 6.18-க்குக் கேமராவை நிறுத்தியாக வேண்டும் என்பது கறாரான விதி. தாண்டினால் கூடுதல் சம்பளம். இயக்குநர் மார்க் டேனியல்ஸ் கேமராவை நகரவிட்டு ஒரே டேக்கில் எடுக்கத் துணிந்தார். ஸ்பாக் உள்ளே வருகிறார், கதவு மூடுகிறது, உட்காருகிறார். நான் ஒரு அதிகாரி, என் கடமை என்று தொடங்கிய வாக்கியம் முடியாமல் போகிறது. பிறகு எண்களைச் சொல்லிப்பார்க்கிறார், இரண்டு, நான்கு, ஆறு என்று. கணக்காவது கையைக் கொடுக்கும் என்று நம்புகிறவரின் அழுகை அது. வெட்டு இல்லாததால் தப்பிக்க இடமும் இல்லை.

மூன்று சீசனுக்கும் சிறந்த துணைநடிகர் பிரிவில் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது. விருது ஒருமுறைகூட வரவில்லை.

பணக்கணக்கு

முதல் சீசனில் நிமோயின் சம்பளம் எபிசோடுக்கு 1,250 டாலர். ஷாட்னருக்கு 5,000. கடிதங்களோ நிமோய்க்கு அதிகம். 1967-ல் இரண்டாம் சீசனுக்கு முன் அவருடைய ஏஜென்ட் உயர்வு கேட்டபோது ஸ்டுடியோ மசியவில்லை; மாற்று நடிகர்களின் பெயர்ப்பட்டியலே தயாரித்தது. கடைசியில் சேனல் தலையிட, 2,500-ல் முடிந்தது. கூடவே பாத்திரம் பற்றிய ஆலோசனையில் இடம். மூன்றாம் சீசனில் கதைகள் சரிந்தபோது தயாரிப்பாளருக்கு அவர் நீளமான குறிப்புகள் எழுதினார். 1968-ல் ஒரு எபிசோடில், ஸ்பாக் கழுத்தில் ஒரு பதக்கம் அணிந்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ராடன்பெரி காட்சி சேர்த்தார். அந்தப் பதக்கத்தை ராடன்பெரியின் தபால்வழி வணிகம் ரசிகர்களுக்கு விற்கப்போகிறது என்பது தெரிந்துவிட்டது. நிமோயும் ஷாட்னரும் முரண்டுபிடிக்க, காட்சியைத் திருத்திய பிறகே நடித்தார்கள்.

தொடர் 1969-ல் 79 எபிசோடுகளோடு நின்றது. உண்மையான புகழ் வந்தது அதற்குப் பிறகு, உள்ளூர் நிலையங்களின் மாலை நேர மறுஒளிபரப்பில். வாரத்துக்கு 5 என்று போட்டால் 16 வாரத்தில் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து. ஆனால் அன்றைய நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புப் பணம் குறிப்பிட்ட சில சுற்றுகளோடு நின்றுவிடும். ஒளிபரப்பாகும் காலம் முழுக்கத் தொகை என்ற ஏற்பாடு 1974-ல்தான் வந்தது. பழைய தொடர்களுக்கு அது பொருந்தாது. நடிகர்களின் முகம் தினமும் திரையில்; கைக்கு வந்தது ஒன்றுமில்லை.

நிமோய்க்கு அடுத்த வேலை உடனே கிடைத்தது. ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரில் மார்ட்டின் லேண்டாவ் விலகிய இடத்துக்கு மாறுவேட நிபுணர் பாரிஸாக 1969-ல் சேர்ந்து இரண்டு சீசன் நடித்தார். நல்ல சம்பளம், ஆனால் உள்ளே ஆள் இல்லாத பாத்திரம். ஒவ்வொரு வாரமும் வேறொருவராக வேடம் போட வேண்டியதுதான். தானே விலகினார். பிறகு பத்தாண்டு மேடை: ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ இசைநாடகத்தின் தேவ்யா, ஷெர்லாக் ஹோம்ஸ், 1977-ல் பிராட்வேயில் ‘எக்வஸ்’ நாடகத்தின் மனநல மருத்துவர், வான்கோவின் தம்பி தியோவாக ஒற்றையாள் நாடகம். முத்திரை குத்தப்பட்ட நடிகருக்கு மேடை ஏன் மருந்தாகிறது என்றால், ஊருக்கு ஊர் டிக்கெட் விற்பது அந்த முத்திரைதான், திரை ஏறிய பத்தாம் நிமிடத்தில் அதைக் கலைக்கவும் வாய்ப்பு கிடைக்கிறது. 1975-ல் அவர் எழுதிய நூலுக்கு ‘நான் ஸ்பாக் அல்ல’ என்று தலைப்பு வைத்தது தவறான கணிப்பு. உள்ளே பாத்திரத்தோடு பாசமான உரையாடல். தலைப்பை மட்டும் படித்த ரசிகர்கள் கொதித்தார்கள். இருபது ஆண்டு கழித்து ‘நான்தான் ஸ்பாக்’ என்று இன்னொன்று எழுத வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த விலை

லண்டனில் ஒரு பீர் விளம்பரப் பலகை. தொங்கிப்போன காதோடு ஸ்பாக், குடித்ததும் காது நிமிர்கிறது. நிமோயிடம் யாரும் கேட்கவில்லை, காசும் தரவில்லை. விசாரித்தால் பொம்மை, படம், உடை என்று அவர் முகத்தை வைத்து ஸ்டுடியோ உரிமம் விற்றுக்கொண்டே இருந்தது தெரிந்தது. வழக்குத் தொடுத்தார். 1977-ல் தொடரின் உரிமையை வைத்திருந்த பாரமவுண்ட் ஸ்டுடியோ புதிய ஸ்டார் ட்ரெக் தொடர் திட்டமிட்டு, அவருக்குச் சில எபிசோடில் மட்டும் தலைகாட்டும் வேடம் கொடுத்தபோது மறுத்துவிட்டார். ஸ்பாக்கின் இனமான வல்கன்களில் ஜோன் என்ற புதுப் பாத்திரத்தை எழுதி நடிகரையும் தேர்ந்தார்கள். பிறகு அந்தத் தொடர் திரைப்படமாக மாறியது. ஸ்பாக் இல்லாமல் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது இயக்குநர் ராபர்ட் வைஸுக்கு எட்டியது. ஸ்டுடியோவின் இளம் நிர்வாகி ஜெஃப்ரி காட்சன்பெர்க் நியூயார்க் போய் நிமோயைச் சந்தித்தார். முதலில் வழக்கு தீரட்டும், பிறகு கதை பேசலாம் என்பதே பதில். காசோலை வந்தது, அதன் பின்னர்தான் திரைக்கதையைக் கையில் வாங்கினார்.

இரண்டாவது படத்துக்கு (1982) தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் வைத்த தூண்டில், அருமையான மரணக் காட்சி. செய்தி கசிந்து ரசிகர்கள் மிரட்டல் கடிதம் எழுதத் தொடங்கியதும் இயக்குநர் நிக்கலஸ் மேயர் ஒரு தந்திரம் செய்தார்: படத்தின் முதல் காட்சியிலேயே ஸ்பாக் இறப்பதாகக் காட்டி, அது பயிற்சி ஒத்திகை என்று முடித்தார். வதந்தி அதோடு அடங்கியது; உண்மையான சாவு கடைசியில் வந்து விழுந்தது. படப்பிடிப்பில் நிமோய்க்கே மனசு கேட்கவில்லை. சாகும் முன் கப்பல் டாக்டரின் முகத்தில் கைவைத்து ‘நினைவில் வை’ என்று சொல்லும் ஒரு துளியைச் சேர்க்கச் சம்மதித்தார். அது அடுத்த படத்துக்கான கதவு.

அந்தக் கதவுக்குச் சாவியாக இயக்குநர் பொறுப்பைக் கேட்டார். பாரமவுண்ட் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் தயங்கினார்: ஸ்பாக்கை வெறுப்பதால்தான் சாகடிக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதவைத்தீர்கள், உங்களிடம் எப்படிக் கொடுப்பது? அப்படி ஒரு வரியே கிடையாது, ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள் என்றார் நிமோய். பார்த்தார்கள், இல்லை. 1984-ல் படம் வந்தது. ஸ்பாக் கடைசியில்தான் கண்விழிக்கிறார் என்பதால் கேமராவுக்குப் பின்னால் நிற்க வசதி. சிக்கல் வந்தது ஒரே இடத்தில்: மயங்கிக் கிடக்கும் ஸ்பாக்கிடம் டாக்டர் மனம்விட்டுப் பேசும் காட்சி. நிமோய் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும், டிஃபாரஸ்ட் கெல்லியின் நடிப்பை மேற்பார்வையும் செய்ய வேண்டும். இமையைத் துடித்துத் துடித்தே என்னை இயக்கப் பார்க்கிறார் என்று கெல்லி புகார் சொன்னார்.

அடுத்த படத்துக்கு (1986) முழுச் சுதந்திரம். வில்லன் வேண்டாம், சண்டை வேண்டாம் என்று முடிவுசெய்து, திமிங்கிலத்தைத் தேடிச் சான்பிரான்சிஸ்கோ வரும் கதையை எடுத்தார். திரையில் வரும் திமிங்கிலங்களில் பெரும்பாலானவை வால்ட் கான்டி செய்த, நாலடி நீள இயந்திர மாதிரிகள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 11 கோடி டாலர் வசூல். மறுவருடம் அவர் இயக்கிய, குழந்தையை வளர்க்கும் மூன்று ஆண்களின் நகைச்சுவைப் படம் சுமார் 16.8 கோடியோடு அந்த ஆண்டின் அமெரிக்க வசூலில் முதலிடம். கூர்க்காது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நிமோயும் ஷாட்னரும் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஷரத்தை வைத்திருந்ததால், ஐந்தாம் படத்தின் இயக்கம் ஷாட்னருக்குப் போனது. அது எப்படி முடிந்தது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

உடம்பு கொடுத்தது

தொடர் நடந்த நாட்களிலேயே குடி பழக்கமானது. நாள் முடிந்ததும் முதல் கோப்பை என்று தொடங்கியதைப் பின்னாளில் ஷாட்னரோடு பேசிய ஆவணப்படத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று மீண்டார். வாரத்துக்கு ஐந்து நாள், பன்னிரண்டு மணி நேரம் உணர்ச்சியை அடக்கிவைப்பது சனி ஞாயிறுகளிலும் விட்டுப்போகவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

சிகரெட்டை நிறுத்தி 30 ஆண்டு ஆன பிறகு நுரையீரல் அடைப்பு நோய் பிடித்தது. புகையால் சிதைந்த காற்றுப்பைகள் திரும்ப வளராது. வயதோடு இயல்பாகக் குறையும் நுரையீரல் திறன் ஏற்கெனவே குறைந்த இடத்திலிருந்து குறைகிறது, அதனால் விட்டு வெகுகாலம் கழித்தும் மூச்சு முட்டும். 2014-ல் ட்விட்டரில் நோயை அறிவித்தார், தாத்தா சொல்கிறேன், இப்போதே நிறுத்துங்கள் என்று. 2015 பிப்ரவரி 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 83 வயதில் காலமானார்.

இந்த நிகழ்வு எதுவரை பொருந்தும்

மறுப்புகள்தான் இவரைப் புரிந்துகொள்ளச் சரியான சாவி. 1994-ல் பழைய நடிகர்களிடமிருந்து புதிய தலைமுறைக்குக் கைமாறும் ஸ்டார் ட்ரெக் படத்தை இயக்கவும், அதில் சிறு வேடத்தில் வரவும் அழைத்தார்கள். ஸ்பாக்கின் வசனத்தை யார் வாயில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது என்று திருப்பி அனுப்பினார். சொன்னது போலவே அந்த வரிகள் வேறு பாத்திரத்துக்கு மாற்றப்பட்டுப் படம் வெளிவந்தது. 2009-ல் ஸ்பாக் இல்லாமல் கதையே நகராது என்றபோது, ஓய்விலிருந்து வந்து நடித்தார்.

ஆனால் இந்தப் பிடி அவருக்கு மட்டும் இருந்தது. தொடரின் மற்ற நடிகர்கள் அதே மறுஒளிபரப்பில் அதே அளவு காசில்லாமல் முகம் காட்டியவர்கள். மறுத்தால் வேறு ஆளைப் போட முடியும் என்பதால் பேரம் பேச வழியில்லை, ரசிகர் மாநாடுகளின் மேடைக்கட்டணமே பலருக்கும் வருமானம். தன் பிடியை நிமோய் ஒருமுறை அவர்களுக்காகவும் பயன்படுத்தினார். 1973-ல் ஃபில்மேஷன் நிறுவனம் தொடரைக் கார்ட்டூனாக எடுத்தபோது, செலவைக் குறைக்க, தொடரில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸ், ஜார்ஜ் டக்கெய் இருவரின் குரலையும் மற்ற நடிகர்களை வைத்தே சமாளிக்கத் திட்டம். அவர்கள் இல்லாவிட்டால் நானும் இல்லை என்றார். இருவருக்கும் வேலை கிடைத்தது. அதே பட்ஜெட்டில் விடுபட்ட இன்னொரு நடிகர் வால்டர் கோனிக்குக் குரல்வேலை கடைசிவரை வரவில்லை. அவருக்குக் கொடுத்தது ஒரு எபிசோடுக்கான திரைக்கதை. அதில் கோனிக் எழுதிய கதை, ஸ்பாக்கைப் பிரதியெடுத்து ஒரு ராட்சத ஸ்பாக்கை உருவாக்குவது.